ஏட்டில் மீண்ட பூக்கள்

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கும் பொருட்டுக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பர். அதில் 99 பூக்கள் அணிவகுக்கின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனை ஆராய்ந்தபோது ஏடுகளில் சில பூக்களின் பெயர்கள் சிதைந்திருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

பெயர்களை அவர் மீட்டுத் தந்தார். செடிகளையோ நாம் முற்றத்தினின்றும் இழந்து வருகிறோம். அப்பட்டியலிலுள்ள துழாயில் சிறுதேனீக்கள் தேனுண்ணும். வெட்சியின் நெடுங்குழலில் வண்ணத்துப்பூச்சி வாய் நீட்டும். ஆவிரையின் மகரந்தத்தைக் கருவண்டு அதிர்ந்து உதிர்க்கும். அழகுக்கென வளர்க்கும் அடுக்கிதழ்ப் பூக்கள் பலவற்றில் இவ்விருந்து இல்லை.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நாம், மாடியில் இம்மூன்றுக்கும் தொட்டி வைப்போமாக. ஏட்டில் மீண்டவை வீட்டிலும் மீளட்டும்.