பல்கணத்துள் மக்கட்கணம்

இராவணன் வரம் வேண்டிய கதை யாவரும் அறிந்ததே. தேவர், நாகர், இயக்கர், தானவர், கருடர் முதலாயினோரால் தனக்குச் சாவு நேர்தலாகாது என நான்முகனை வேண்டியவன், மக்களைச் சுட்டாது விட்டான். மறந்து விட்டானல்லன், வான்மீகியார் நூலின் உத்தர காண்டத்தில் அவன் மக்களைப் புல்லாக மதித்தே ஒதுக்குகின்றான். இவ்வொதுக்கலே அவன் வீழ்ச்சிக்கு வித்தாயிற்று என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். அவ்வரத்தின் அடியில் ஓர் உலகக்காட்சி கிடப்பதை அத்துணைக் கருதுவதில்லை. அறிவும் மொழியும் அரசும் உடைய கணங்கள் பல வாழும் உலகில் மக்களும் ஒரு கணம். ஆற்றலால் முதற்கணம் அன்று. எண்ணத் தொடங்குவோர் விட்டுவிடுதற்கும் உரிய கணம். இவ்வுலகக்காட்சியைத் தமிழ் நூல்கள் எவ்வாறு ஏற்றன, எங்கே திருத்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திற் குறிக்கப்பெறும் பதினெண்கணத்தை முதற்கண் நோக்குவோம். இக்கணங்கள் இவையென விரிக்கும் பட்டியல்கள் தம்முள் சிறிது வேறுபடும். தேவர், அசுரர், கின்னரர், கிம்புருடர், கருடர், இயக்கர், கந்தருவர், நாகர், பூதர் முதலாயினோர் அவற்றுள் இடம்பெறுவர். முனிவரும் போகபூமியோரும் உளர். நம்மனோராகிய மக்களோ இலர்! மக்களுட் பிறந்த முனிவர் மக்களின் வேறாகிய கணமாக எண்ணப்படுகின்றனர். உழைப்பின்றி இன்பம் துய்க்கும் போகபூமி மாந்தர் எண்ணப்படுகின்றனர். உழுதும் விற்றும் உண்ணும் மாந்தர் எண்ணப்படவில்லை. கடவுளை ஏத்தும் கணங்களை எண்ணுமிடமாதலின் பாடுவோனாகிய மனிதன் தன்னை எண்ணாது விட்டான் எனச் சிலர் அமைதி கூறலாம். அவ்வமைதியை முற்றிலும் மறுக்க யாம் முற்படவில்லை. எனினும் இராவணன் எண்ணிக்கையிலும் பதினெண்கண எண்ணிக்கையிலும் விடுபட்டோர் ஒருவரே என்பது கருதத்தக்கது.

இனி இலக்கண நூல்களை நோக்கின், நிலை முற்றும் மாறுகின்றது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்தில் உயர்திணைக்கு எல்லை வகுக்குங்கால் மக்கள் என்னும் கருத்து ஒன்றனையே அளவையாகக் கொண்டார். ஏனைய அனைத்தும் அஃறிணையாயின. அங்ஙனமாயின் தேவர் எத்திணையர்? இவ்வினா ஆசிரியர்க்கும் எழுந்திருத்தல் வேண்டும். அடுத்துச் சில நூற்பாக்களின் பின், தெய்வத்தைச் சுட்டும் பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குரிய பாலீறுகளைப் பெற்றே வழங்கும் என்றும் விதித்தார். வானோர்க்கு அமுதும் விமானமும் உண்டு. வினைமுற்றுக்கு ஈறு மட்டும் இல்லை. அதனை அவர் மக்களிடமிருந்தே கடன் பெறுதல் வேண்டும்.

மரபியலில் இவ்வெல்லை மீண்டும் நெகிழ்கின்றது. மக்களை ஆறறிவுடையோர் என்ற ஆசிரியர், அக்கிளையிற் பிறந்தோர் பிறரும் உளர் எனச் சேர்த்தார். அப்பிறர் தேவர், அசுரர், இயக்கர் முதலாயினோர் என இளம்பூரணர் கொண்டார். ‘கிளை’ என்னும் சொல் ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. அது சுற்றத்தைக் குறிப்பது. தேவர் மக்கட்கு மேலோர் என்றோ அசுரர் கீழோர் என்றோ கூறாது, இரு திறத்தாரையும் மக்கட்குச் சுற்றமாக்கிவிட்டது இலக்கணம். விலங்கினுள்ளும் ஒரு சாரன ஆறறிவுடையன என்பதற்குக் கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை அவர் காட்டுகின்றார். மனவுணர்வுடைய விலங்கு உளவாயின் அவையும் ஆறறிவுயிருள் அடங்கும் என்னும் கருத்துப் பேராசிரியர்க்கும் உண்டு. எனவே இவர்கள் கொண்ட அளவை உருவமன்று, பிறப்புமன்று, அறிவே யாகும்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் (1178-1218) சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தியார் இவ்விடத்தில் ஒரு மாற்றம் செய்தார். மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்து மூவரையும் நேரே உயர்திணையாக்கினார். தேவர் கடன் பெற்ற ஈறு அவர்க்கே உரிமையாயிற்று. பவணந்தியார் சமணர். சமணம் கூறும் கதி நான்கு: தேவகதி, மக்கட்கதி, விலங்குகதி, நரககதி. அவற்றுள் மூன்றனை உயர்திணைக்கு வைத்து, விலங்குகதி ஒன்றனை மட்டும் உயிரில் பொருள்களோடு அஃறிணைக்குத் தள்ளினார். நரகர் உயர்திணை பெற்றதைப் பெருங்கொடை எனல் வேண்டும். ஆனால் தொல்காப்பிய மரபு குரங்குக்கும் யானைக்கும் திறந்து வைத்திருந்த சிறு வாயில் இவ்வகுப்பில் அடைபட்டுப் போயிற்று.

காப்பியங்களுட் புகுமுன் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். நாகர், இயக்கர், அரக்கர், வானரர் என்போர் கவிதை போர்த்திய பழங்குடிகளே என்னும் கொள்கை நம் ஆராய்ச்சி உலகில் நெடுநாள் நிலவிவருகின்றது. 1904ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் வி. கனகசபை அவர்கள் நாகரை ஓர் இனமாகக் கொண்டு, மறவர், எயினர், பரதவர் முதலிய குடிகளை அவ்வினத்தினராகக் கூறினார். பொன்னேபோல் போற்றத்தக்க அந்நூலின் பயனை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் இம்முறை சான்றினும் துணிவையே மிகுதியும் சார்ந்தது. மணிமேகலை ஒன்றிலேயே நாகர் இருவகைப்படுவர்: ஆடையின்றி ஊனுண்டு மலைப்பக்கத்தில் வாழ்வோர் ஒரு வகை, வளைவணன், வாசமயிலை, அவர்தம் மகள் பீலிவளை என அரசும் எழிலும் பெற்றுச் சோழனோடு மணவுறவு கொள்வோர் மற்றொரு வகை. இவ்விருவரையும் அடக்கும் ஓரினத்தை மண்ணில் தேடுதல் வீண். நாகன் எனப் பெயர் பூண்ட புலவர் சங்கத்தொகையில் உளர் என்பதும் இனத்துக்குச் சான்றாகாது. பெயர் வேறு, குடி வேறு.

இத்தேடல் தீங்கற்ற விளையாட்டு என்றும் கூறுதற்கில்லை. இலங்கையில் கி.பி. 5ஆம் நூற்றாண்டையொட்டி எழுந்த மகாவமிசம், விசயன் கைவிட்ட இயக்கி குவேனியின் மக்கள் மலைநாட்டுக்கு ஓடிப் புலிந்தர் குடிக்கு முதல்வராயினர் என்னும். பிற்காலத்தார் அப்புலிந்தரை இலங்கை வேடரோடு இணைத்தனர். கதையில் வரும் கணம் ஒன்று, இன்று வாழும் மாந்தர் தலைமேல் ஏற்றப்பட்டது. அதனோடு மக்கட்பிறப்பில் ஒரு குறைவும் ஏற்றப்பட்டது. நூல்கள் நாகரோடும் இயக்கரோடும் மக்களை ஒருங்கு வைத்து எண்ணின. நம் விளக்கமோ மக்களுள் ஒரு சாராரை நாகராகவும் இயக்கராகவும் பிரித்துவிடுகின்றது. ஆகவே கணங்களைக் கணங்களாகவே கொண்டு, அவற்றிடை மக்கள் எந்நிலையில் நிற்கின்றனர் என வினவுதலே நேரிய நெறியாம்.

இவ்வினாவிற்கு மணிமேகலை தரும் விடை செழுமையானது. சாதுவன் கலம் உடைந்து, ஒடிந்த மரம் பற்றி நாகர் மலையடியில் ஒதுங்குகின்றான். அயர்ந்து கிடந்தவனைக் கண்ட நாகர், தனியே வந்த இவ்வுடம்பு நமக்கு உணவு என எழுப்புகின்றனர். அவன் அவர் மொழி கற்றவன், அம்மொழியிலேயே பேசுகின்றான். பேச்சுக் கேட்ட அளவில் அவர் கொல்லும் எண்ணம் ஒழிந்து, தம் தலைவனிடம் அவனை அழைத்துச் செல்கின்றனர். ஊனாக இருந்தவன் பேசியவுடன் விருந்தினனாயினான் என்பது இக்கதையின் உயிர்நிலை. கரடி தன் பெண்கரடியோடு இருந்தாற்போல் கள்ளும் எலும்பும் சூழத் துணையோடிருந்த தலைவன், வந்தவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் தருக என ஆணையிடுகின்றான். சாதுவன் மறுப்ப, இவையன்றி மாந்தர்க்கு உலகிற் பயன் வேறு யாது எனச் சினக்கின்றான். உயிர் உடம்பின் நீங்கிச் செல்வது எங்ஙனம் என்றும் கேட்கின்றான். அது அறிவில்லான் வினாவன்று. தருக்க நூலோர் கேட்கும் வினாவே.

ஈண்டுச் சாத்தனார் செய்த ஒன்றை யாம் பெரிதும் மதிக்கின்றோம். சாதுவன் உரையை ஏற்ற தலைவன், கள்ளும் ஊனும் முற்றும் ஒழித்து உயிர்வாழ எம்மால் இயலாது, எமக்கு ஏற்ற அறம் யாது எனக் கேட்கின்றான். சாதுவன் தன் அறத்தை அப்படியே அவன்மேற் சுமத்தவில்லை. கலம் உடைந்து உயிர் தப்பி வருவோரைக் கொல்லாது காத்தல், மூத்துத் தாமே இறந்த விலங்கின் ஊனையன்றிப் பிற உண்ணாமை: இவ்விரண்டே அவன் வகுத்தவை. முன்னது கடலோடும் வணிகர் நலம் கருதியது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அறமும் வாணிகமும் ஒரே கலத்தில் ஏறிவரும் காப்பியம் அது. முன்னர் உடைந்த கலங்களிலிருந்து எடுத்த அகிலையும் சந்தனத்தையும் பிற பொருள்களையும் தலைவன் கொடுத்தனுப்ப, சாதுவன் சந்திரதத்தன் வங்கத்தில் ஏறி ஊர் திரும்புகின்றான்.

இதற்கு மறுதலையாக மேற்கணத்தார் ஒருவன் புகாருள் வந்து குற்றம் இழைக்கும் நிகழ்ச்சியும் அந்நூலில் உண்டு. விஞ்சையன் காஞ்சனன், காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவியெனப் பிறழ உணர்ந்து, அவளை நாடி நள்ளிரவில் வந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். வானில் பறக்கும் விஞ்சையனும் வினைக்குத் தப்பான் எனக் கந்திற்பாவை அவனுக்கு அறிவுறுத்துகின்றது. அரசன் கூற்றோ இன்னும் நுட்பமானது. மகன் இறந்தது கேட்ட அவன் பழிக்குப் பழி வேண்டிக் கதறவில்லை. தான் செய்ய வேண்டிய ஒறுத்தலை விஞ்சையன் செய்துவிட்டான், ஆதலின் அவன் தகவிலன் என்கின்றான். குற்றம் கொலையில் மட்டும் இல்லை. பிறிதொரு கணத்தான் சோழன் நாட்டில் சோழனுக்குரிய தண்டத்தைத் தன் கையில் எடுத்ததிலும் உள்ளது. பறக்கும் கணத்துக்கும் நாட்டெல்லை உண்டு என்னும் அரசியற் கருத்தை இவ்வொரு சொல்லில் காண்கின்றோம்.

சீவக சிந்தாமணியிற் கணங்களின் வரம்பு மேலும் மெலிகின்றது. விஞ்சையர் வேந்தன் கலுழவேகன் மகள் காந்தருவதத்தை, சீதத்தன் என்னும் வணிகனோடு மண்ணுலகு போந்து, யாழ்ப்போரில் சீவகனுக்கு உரியளாகின்றாள். அந்தணரால் அடியுண்டு இறக்கும் நாய், சீவகன் ஓதிய மந்திரம் செவிப்பட்டுச் சுதஞ்சணன் என்னும் தேவனாகி அவனுக்கே நண்பனாகின்றது. கதி மாறுதல் சமணர்க்கு இயல்பாதலின் திருத்தக்க தேவர் இதனை வியப்பாகக் காட்டவில்லை, யாமும் விரிக்கவில்லை.

கம்பரிடத்து இச்சிக்கல் வழக்காடலாக வடிவெடுக்கின்றது. தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் எடுத்துரைத்தபோது வாலி கூறும் விடை வலியது: மக்கட்குரிய மணமுறையும் கற்புநெறியும் எம் குலத்துக்கு விதிக்கப்படவில்லை; நாங்கள் விலங்கு. இராமன் அவ்விடையை ஏற்கவில்லை. நன்னெறி அறிந்தோரை யாக்கை பற்றி விலங்கு எனல் பொருந்தாது என்கின்றான். முதலை பற்றியபோது இறைவனைக் கூவி அழைத்து வீடுபெற்ற யானையையும், கழுகின் வேந்தனாகிய சடாயுவையும் சான்றாகக் காட்டுகின்றான். வழக்கிடுவது குரங்கு, சான்று யானை. இளம்பூரணர் எண்ணிய ஆறறிவு விலங்குகளுள் இரண்டு இவை. கம்பர் அவ்வுரையைக் கண்டு பாடினார் எனத் துணிதற்குச் சான்றில்லை. அறிவையே அளவையாகக் கொள்ளும் மரபு இருவர்க்கும் பொது என்ற அளவில் அமைவோம்.

இவ்விடத்தில் சாதுவனையும் இராமனையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் இடர்ப்பாடு தோன்றும். இருவரும் மற்றொரு கணத்தானைத் தம்மோடொத்த அறிவினனாக மதித்தவரே. ஆனால் நாகர் தலைவன் பெற்றது தன் கணத்துக்கு ஏற்ற அறம். வாலி பெற்றது மக்கள் அறத்தின்படி ஒறுப்பு. குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் உடன்பிறந்தார் வரிசையில் எண்ணிச் சேர்த்த அவ்விராமனே வாலியையும் அவ்வளவையால் எண்ணினான். எண்ணியதன் பயன் அம்பாயிற்று. உறவு எய்தியோர் மூவரையே போற்றி எழுதும் நம்மனோர், அதே அளவையால் பொறுப்பு எய்திய வாலியை இவ்வரிசையில் வைத்து நோக்குவதில்லை. உன் குலவழக்கம் வேறு என்னும் வாலியின் முறையீட்டுக்கு, நீ அறிவுடையை என்பது முழு விடையாகுமா? அறிவுடையோர் யாவர்க்கும் அறம் ஒன்றே என்பது கம்பர் துணிபு எனின் ஆகும். கணந்தோறும் அறம் வேறு எனின் ஆகாது. சாத்தனார் இரண்டாவதன் பக்கம் சாய்கின்றார் என்பது எம் கருத்து.

வாலி இவ்வாதத்தை நீட்டவில்லை. அது அவ்வாறே ஆகுக என ஒப்புக்கொண்டு உடனே அடுத்த வினாவை எழுப்புகின்றான்: போரில் எதிர்நில்லாது மறைந்து நின்று எய்தது என்ன முறை? சற்றுமுன் விலங்கு என்று நின்றவன், மக்களுள் ஒருவனாக ஏற்கப்பட்டதும், மக்களுக்குரிய போரறத்தைக் கேட்கும் உரிமையைக் கைக்கொள்கின்றான். அதற்கு இராமன் வாய்திறக்கவில்லை. விடை கூறியவன் இலக்குவன்.