பீவர் விளையாட்டரங்கம்

பீவர் விளையாட்டரங்கம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதியில், சென்டர் கவுண்டியில் உள்ளது. பென் ஸ்டேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆடுகளம் இது. இங்கே ஆடப்படுவது நம் ஊர்க் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. தற்போதைய சீரமைப்புக்கு முன்பு 1,06,572 பேர் அமரும் இடம் இதில் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தை விட்டால் மேற்கு அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய விளையாட்டரங்கம் வேறில்லை.

இவ்வளவு பெரிய அரங்கம் ஒரு நாட்டுப்புறத்தில் நிற்கிறது என்பதே இதன் வரலாற்றை ஆராயத் தூண்டுவது. அருகிலுள்ள ஸ்டேட் காலேஜ் ஊரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40,000. பிட்ஸ்பர்க்கில் இருந்தோ பிலடெல்பியாவில் இருந்தோ வருவதென்றால், அப்பலாச்சிய மலைமுகடுகளுக்கு இடையே காரில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அரங்கம் நிறைந்த ஒரு சனிக்கிழமையில் உள்ளே இருப்பவர்களை ஓர் ஊராகக் கொண்டால், அது மாநிலத்தின் நான்காவது பெரிய நகரமாகிவிடும்.

இந்த இடம் விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று, உழவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1855இல் உழவர் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. கல்லூரி என்று சொன்னால் உழவர்கள் நம்பிப் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்பதால் அந்தப் பெயர். இரும்பு உலை முதலாளியான ஜேம்ஸ் இர்வின் 200 ஏக்கர் நிலம் கொடுத்தார். 1862இல் அது வேளாண் கல்லூரி ஆயிற்று. 1953இல்தான் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. இன்றும் அரங்கத்தின் அருகே பல்கலைக்கழகத்தின் மாட்டுத் தொழுவங்கள் இருக்கின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் சாண வாடை வரும்.

பீவர் என்பது இங்கே விலங்கின் பெயர் அன்று. ஜேம்ஸ் ஏ. பீவர், பக்கத்து ஊரான பெல்ஃபாண்ட்டின் வழக்கறிஞர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்தி, 1864இல் ரீம்ஸ் ஸ்டேஷன் சண்டையில் வலக்காலை இழந்தவர். 1887 முதல் 1891 வரை மாநில ஆளுநர். கல்லூரியின் அறங்காவலர் குழுத் தலைவராகவும், 1906 முதல் 1908 வரை பொறுப்புத் தலைவராகவும் இருந்தார். 1893க்கு முன்பு மாணவர்கள் பழைய முதன்மைக் கட்டடத்தின் முன்னுள்ள புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு மைதானம் அமைய அவரே துணைநின்றார். 1893இல் திறக்கப்பட்ட பீவர் மைதானத்தின் பார்வையாளர் மாடத்தில் 500 பேர் உட்காரலாம். அங்கே நடந்த முதல் ஆட்டத்தில், இன்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் என அறியப்படும் அணியை 32–0 என்று பென் ஸ்டேட் வென்றது.

1909இல் வளாகத்தின் மேற்குப் பக்கத்தில் புதிய பீவர் மைதானம் அமைந்தது. முதலில் மரத்தாலான படிவரிசைகள்; 1930களில் எஃகு. அந்த மைதானத்தில் வளர்ந்த அணியின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1946இல் மயாமி பல்கலைக்கழகத்துடன் ஆடவிருந்த ஆட்டத்துக்குக் கறுப்பின வீரர்களை அழைத்துவரக் கூடாது என்ற நிலை எழுந்தது. அவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை என்று வீரர்கள் வாக்களித்தார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. 1948 ஜனவரி 1 அன்று டல்லஸ் நகரின் காட்டன் பவுல் போட்டியில் வாலஸ் டிரிப்லெட்டும் டென்னி ஹோகார்டும் களமிறங்கினார்கள். அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்களே. நகர விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்காது என்பதால் அணி முழுவதும் கடற்படை விமானத் தளத்தில் தங்கியது. டிரிப்லெட் எடுத்த டச் டவுன் புள்ளிகளால் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் 13–13 என்று சமநிலையில் முடிந்தது. இன்று அரங்கத்தில் ஒரு பக்கம் ‘வீ ஆர்’ என்று முழங்க, மறுபக்கம் ‘பென் ஸ்டேட்’ என்று பதில் முழங்குவது அந்த வீரர்களிடமிருந்து பிறந்தது என்று ஊரில் சொல்வதுண்டு. முழக்கத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் உண்மையில் 1970களின் உற்சாகக் குழுவினர். ஆனாலும் அந்த வீரர்களின் பேரில் அதை நினைவுகூர ஊர் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

1959 ஆட்டப் பருவம் முடிந்ததும் நடந்ததுதான் இவ்வரங்கத்தின் வரலாற்றில் வியப்பான பகுதி. 30,000 பேர் அமரும் அந்த எஃகு அரங்கை இடிக்கவில்லை. ஏறத்தாழ 700 துண்டுகளாகப் பிரித்து, வளாகத்தின் கிழக்கே ஒரு மைல் தூரம் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். கூடவே 16,000 இருக்கைகளைச் சேர்த்தார்கள். 46,284 இருக்கைகளுடன் எழுந்த அரங்கில் 1960 செப்டம்பர் 17 அன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்துடன் முதல் ஆட்டம் நடந்தது; பென் ஸ்டேட் 20–0 என்று வென்றது. களஞ்சியத்தைப் பிரித்து வேறு வயலில் நிறுத்தும் உழவரின் சிக்கனம் அந்த வேலையில் தெரிகிறது.

1966இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பேற்ற ஜோ பட்டர்னோவின் காலத்தில் அணி நாடறிந்ததாயிற்று, இருக்கைகளும் பெருகின. 1978இல் செய்த வேலை, பெயர்த்து வைத்ததைவிடத் துணிச்சலானது. ஆடுகளத்தைச் சுற்றி ஓர் ஓட்டப்பாதை இருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் ஆட்களை உட்காரவைக்க நினைத்தார்கள். மாடங்களைப் பகுதி பகுதியாக அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் மேலே தூக்கி, அடியில் கான்கிரீட் படிவரிசைகளைச் செருகினார்கள். 60,203 என்றிருந்த இருக்கை எண்ணிக்கை 76,639 ஆனது. 1980இல் அது 83,770. 1991இல் வடக்கு மேல்மாடம் எழுந்தபோது 93,967. தெற்கு மேல்மாடமும் கிழக்கில் கண்ணாடி அறைகளும் சேர்ந்த 2001இல் 1,07,282. அந்தக் கடைசி வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது: பெரும்பாலான இருக்கைகளிலிருந்து நிட்டனி மலை மறைந்துபோனது. அணியின் சின்னமான நிட்டனி சிங்கத்துக்கே பெயர் கொடுத்த மலை அது. விரிவாக்கப்பட்ட அரங்கின் முதல் ஆட்டம் 2001 செப்டம்பர் 1 அன்று மயாமியுடன் நடந்தது. முந்தைய ஆண்டு களத்தில் கழுத்தெலும்பு முறிந்து, இனி நடக்கவே முடியாது என்று கருதப்பட்ட ஆடம் டாலியஃபெரோ அன்று தன் கால்களால் நடந்து அணியை வழிநடத்தி வந்தார்.

இங்கே ஆட்டம் பார்க்கப் போவது இரண்டு மணி நேரப் பொழுதுபோக்கு அன்று. திருவிழாவுக்கு ஊர் போவது போன்றது. ஆண்டுக்கு ஏழெட்டு ஆட்டங்கள்தான். வெள்ளிக்கிழமையே குடும்பங்கள் வேன்களில் வந்து இறங்கும். வாகனங்கள் நிற்பது பெரும்பாலும் புல்தரையில். மழை பெய்தால் சேற்றில் சிக்கும். வண்டியின் பின்கதவைத் திறந்து, கரியடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, அறிமுகமில்லாதவருக்கும் ஒரு தட்டு நீட்டுவதை டெயில்கேட்டிங் என்கிறார்கள். மாணவர்கள் முன்வரிசை இடம்பிடிக்க அரங்க வாசலில் நாள்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். அந்தக் கூடாரத் தெருவுக்கு நிட்டனிவில் என்று பெயர். 1865இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பாலகத்தில் ஐஸ்கிரீம் வாங்க நீண்ட வரிசை நிற்கும். வேளாண் கல்லூரியின் மிச்சம் நாவில் தித்திக்கும் இடம் அதுதான். ஆட்டத்துக்கு முன் ப்ளூ பேண்டு இசைக்குழுவின் தலைவர் களத்தில் ஓடிவந்து இரண்டு முறை குட்டிக்கரணம் போடுவார். இரண்டு முறையும் தடுமாறாமல் நின்றால் வெற்றி என்பது ரசிகர்களின் சகுனம். 2004இல் மாணவர் பகுதியில் தொடங்கிய வெண்ணிற ஆடை வழக்கம், 2007இல் நோட்ரடாம் அணியுடன் நடந்த ஆட்டத்தில் அரங்கம் முழுவதும் பரவியது. இரவு விளக்கில் ஒரு லட்சம் பேர் வெள்ளையில் எழுந்து நிற்பதைக் காண நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தை மட்டும் எழுதி நிறுத்தினால் வரலாறு ஆகாது. முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களிடம் பல ஆண்டுகள் பாலியல் கொடுமை புரிந்தது 2011 நவம்பரில் குற்றச்சாட்டாக வெளிவந்தது. 2012 ஜூனில் 45 குற்றங்களில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பட்டர்னோ 2011 நவம்பரிலேயே பதவி நீக்கப்பட்டார். அரங்கத்தின் வெளியே நின்ற அவருடைய வெண்கலச் சிலை 2012 ஜூலையில் அகற்றப்பட்டது. அந்தச் சிறுவர்களை மறந்துவிட்டு இந்த அரங்கத்தின் பெருமையைப் பேச முடியாது.

2024 நவம்பர் 2 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 1,11,030 பேர் வந்தது இதன் மிகப் பெரிய கூட்டம். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று, உறையும் குளிரில், தேசியச் சாம்பியன் போட்டியின் முதல் சுற்று ஆட்டம் இங்கே நடந்தது. எதிரணி, 1948இல் டல்லஸில் எதிர்த்து நின்ற அதே சதர்ன் மெதடிஸ்ட். பென் ஸ்டேட் 38–10 என்று வென்றது. அடுத்த சில வாரங்களில் மேற்குப் பக்க மாடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். 2024 மே மாதத்தில் அறங்காவலர்கள் ஒப்புதல் அளித்த 70 கோடி டாலர் சீரமைப்புத் திட்டத்தின் பகுதி அது. 2025 பருவ ஆட்டங்கள் தற்காலிக மாடங்களுடன் நடந்தன. 2027க்குள் பணியை முடிப்பது திட்டம்.