இனம் என்ற கட்டமும் நரம்பின் நோவும்

இலங்கையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனத்தை எழுத நெடுங்காலமாக ஒரு கட்டம் இருந்து வந்தது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1871இல் நடந்த முதலாவது குடிசன மதிப்பீடு ஆட்களை இனவாரியாக எண்ணியது. 1911இல் தமிழர்கள் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டு நிரல்களாயினர். கோடுகள் எவ்வளவு எளிதாக இடம் மாறும் என்பதைக் கொழும்பு தன் தெருக்களிலேயே கண்டது. 1883 ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் மோதல் மூண்டபோது ஆளை ஆளிடமிருந்து பிரித்தது மதம். சிங்களவர் இரு பக்கத்திலும் இருந்தனர். நூறு ஆண்டு கழித்து, 1983 யூலையில், வாக்காளர் பட்டியலோடு கும்பல்கள் வெள்ளவத்தை வீடுகளைத் தேடி வந்தன. அப்போது பிரித்தது தமிழர் என்ற பெயர். அதே ஆண்டில்தான் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பேராசிரியர் றொஹான் ஜயசேகரவின் தலைமையில், மனித மரபியல் அலகு தொடங்கியது. வம்சத்தைக் கேட்டு வீடு எரித்த நகரம் வம்சத்தை அறிவியலாகப் படிக்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே. அந்தப் படிப்பு, நான் அறிந்த வரையில், பழைய கட்டத்தைக் காப்பாற்றவில்லை. முள்ளந்தண்டு முறிந்தவர்களின் நோவை எடுத்துக்கொண்டால் அது தெளிவாகத் தெரியும்.

மரத்திலிருந்து விழுந்தவர்கள், வீதி விபத்தில் சிக்கியவர்கள், போரில் காயப்பட்டவர்கள் எனப் பல வழிகளில் முள்ளந்தண்டு முறிந்தோர் கொழும்புக்கு வடக்கேயுள்ள றாகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு வந்து சேர்கிறார்கள். தொட்டாலும் தெரியாத காலில் நெருப்புப் பற்றியதுபோல எரிகிறது என்பார் ஒருவர். மின்சாரம் அடிப்பதுபோல வெட்டுகிறது என்பார் இன்னொருவர். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் சேதமடைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்த நரம்பு நோ வருகிறது என்று உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மற்றப் பாதிப்பேருக்கு ஏன் வருவதில்லை? ஒரே முள்ளெலும்பில், ஒரே அளவு சேதத்தோடு படுத்திருக்கும் இருவரில் ஒருவர் தூங்குகிறார், மற்றவர் விடியும்வரை பல்லைக் கடிக்கிறார். காயத்தின் இடமும் அளவும் மட்டும் இதற்கு விடையாகா. நரம்பு அறுபட்ட பின் அதிகம் வேதனைப்படும் எலிகளையும் குறைவாக வேதனைப்படும் எலிகளையும் வெவ்வேறாக இனப்பெருக்கி, அந்தக் குணம் வழிவழியாக இறங்குகிறது என்று மார்ஷல் டெவோர் 1990இல் காட்டினார். பிரித்தானிய இரட்டையரிடையே நடந்த ஆய்வு, பொதுவான நரம்பு நோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வேறுபாட்டை மரபுக்கு உரியதாகக் கணித்தது. 2006இல் வட பாகிஸ்தானின் மூன்று குடும்பங்களில் பிறந்தது முதல் நோவையே அறியாதவர்களிடம் எஸ்சிஎன்9ஏ என்ற ஒற்றை மரபணு பழுதாகியிருந்தது. முண்ணாண் காயத்தின் நோவோ அப்படி ஒரு மரபணுவுக்குள் அடங்குவதல்ல. சிறு சிறு பங்களிக்கும் பல மரபணுக்களும் காயமும் உறக்கமும் மனநிலையும் அதில் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன.

மரபுதான் காரணமென்றால் இனக் கட்டத்தை ஏன் பழிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்குச் சான்றும் உண்டு. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் கார்பமசெப்பைன் மருந்து, எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வடிவம் உள்ளவர்களின் தோலை உரித்து உயிரையே வாங்கக்கூடும். 2004இல் தாய்வானில் ஹான் சீனரிடையே இந்தத் தொடர்பு வெளிப்பட்டது. 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டிய பரிசோதனையைப் பரிந்துரைத்தது. எங்கே தேட வேண்டும் என்பதற்கு இங்கே வம்சாவளிக் குழு ஒரு குறிப்புத் தந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையே கடைசியில் கேட்டது இனத்தையல்ல, அந்த ஆளின் இரத்தத்தை. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட்குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவோன்டின் 1972இலேயே கணக்கிட்டிருந்தார். சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணு அளவில் மிக நெருக்கமானவர்கள் என்று 2023இல் வந்த ஆய்வும் கண்டது. அதில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்றனர். கொழும்பின் மரபியலாளர்களும் சிங்களவர், தமிழர், சோனகர் என்ற நிரல்களிலேயே மரபணு வடிவங்களை எண்ணிப் பதிப்பித்திருக்கிறார்கள். அந்த அட்டவணைகள் பயனுள்ளவை, அவற்றைக் கழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவை விகிதத்தைச் சொல்பவை. கட்டிலில் கிடக்கும் ஆளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சிறுநீர்க் குழாயும் படுக்கைப் புண்ணுக்கான பராமரிப்பும் முதலில் வேண்டிய இடத்தில் மரபணுப் பேச்சு ஆடம்பரம் அல்லவா? பெருஞ்செலவில் எல்லோருடைய மரபணுத் தொகுதியையும் வாசிக்கச் சொன்னால் அது ஆடம்பரம்தான். ஆனால் நரம்பு நோவுக்கு மலிவாகக் கிடைக்கும் அமிட்ரிப்டிலினைக் கல்லீரலின் இரண்டு நொதியங்கள் உடைக்கின்றன. அவை ஒருவரில் வேகமாகவும் இன்னொருவரில் மந்தமாகவும் ஓடுவது மரபணுவால். ஒரே மாத்திரை ஒருவருக்குப் பலனின்றிப் போக, இன்னொருவரை நாள் முழுதும் நாவறண்டு மயங்கிக் கிடக்க வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வார்டுக்கு இது தெரிந்திருந்தால், நோ குறையவில்லை என்று முறையிடுபவரை நடிப்பவராக ஒதுக்காமல், சிறிய அளவில் தொடங்கி ஆளுக்கேற்ப மாற்றலாம். தாய்க்கோ சகோதரருக்கோ எந்த மருந்து ஒத்துவரவில்லை என்று கேட்டு எழுத ஆய்வுகூடம் வேண்டாம். படிவத்தில் ஒரு வரி இடம் போதும்.