தந்தைவழி இழையும் குலப்பெருமையும்

பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தால் அல்லலுற்ற நமக்கு, மரபணு ஆராய்ச்சி கூறும் செய்தி இன்றியமையாதது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது ஒய் குரோமோசோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், தமிழகத்தின் 12 பழங்குடிகளையும் 19 சாதிகளையும் சேர்ந்த 1,680 ஆடவரை ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். இரு சாராரிடமும் மிகுதியாகக் காணப்பட்டவை இம்மண்ணில் வேரூன்றிய கிளைகளே. மொத்தத்தில் அவை 81 விழுக்காடு. 10,000 முதல் 30,000 ஆண்டுப் பழமையுடைய அச்செல்வம் அனைவர்க்கும் பொது.

அவற்றுள் 'எல்' என்னும் பெருங்கிளையின் பிரிவொன்று ஆர்மீனியரிடமும் உண்டு. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் அமைத்த வணிகர் பெட்ரஸ் உஸ்கான் அவ்வினத்தவரே. எனினும், இதனால் நாம் ஆர்மீனியர் வழிவந்தோர் ஆகிவிடோம். இரு பிரிவுக்கும் பொதுவான மூதாதை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்.

மேலும், பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவர்க்கு மூதாதையர் 1,024 பேர் எனக் கணக்கிடலாம். இவ்விழை காட்டுவது அவருள் ஒருவரையே. அன்னையர் எவரையும் அன்று.

ஆகவே பர்லியார் இளைஞர்களே, தாழ்ந்த குலம் என்பார் கூற்றுக்குக் குருதியில் சான்றில்லை. அயல்நாட்டு மூதாதையைத் தேடிப் பெருமை கொள்ளவும் வேண்டுவதில்லை. தீண்டாமை மனிதர் வகுத்தது, மனிதராலேயே ஒழியத்தக்கது. அதற்கு நாம் ஏந்தும் கருவி கல்வியே.