சந்தையில் ஆடு, கடையில் மட்டை

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வருகிறவரைக் கவனியுங்கள். முதுகில் கைவைத்து அழுத்துவார். தூக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் விலை! அதே மனிதர் பையனுக்கு ஷட்டில் மட்டை வாங்கப் போனால்? "சாம்பியன் வெச்சிருக்கிற மாடலையே குடுங்க..."

ஆனால், ஆட்டத்தைப் பார்த்து மட்டை செய்வதுதான் சரித்திரம்!

நம்ம தஞ்சாவூரில் 1856-லேயே அரச குடும்பத்தார் பூப்பந்து ஆடியதாகச் சொல்வார்கள். கம்பளிப் பந்து, 27 முதல் 30 கிராம் வரை இருக்கும். அதை அடிக்க 165 கிராமுக்கு மேல் கனக்கும் மட்டை வேண்டும். இறகுப்பந்தோ ஐந்தரை கிராமைத் தாண்டாது. எனவே, இன்று அதன் மட்டை பெரும்பாலும் 80-லிருந்து 90 கிராம்தான். ஏறக்குறைய பாதி!

ஆரம்பத்தில் எல்லாமே மரம். ஈரத்தில் வளைந்துவிடும் என்று திருகாணி போட்ட சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள். ஜப்பானில் 1946-ல் மீன் வலைக்கு மர மிதவை செய்து பிழைத்தவர் யோனெயாமா. பிளாஸ்டிக் மிதவை வந்து வியாபாரம் படுத்தது. 1957-ல் மட்டைக்கு மாறினார். அதுதான் இன்றைய யோனெக்ஸ்! மரம் போய் அலுமினியம், கார்பன் என்று வந்ததும், எடையைத் தலையில் வைப்பதா, பிடியில் வைப்பதா என்று விதவிதமாகச் செய்ய முடிந்தது. நமக்குக் குழப்பமும் வந்தது.

இங்கிருந்து ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடி வளர்ந்தவர் பிரகாஷ் படுகோன். முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது! 1980 ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர், எகிறி அடிப்பதில் மன்னரான இந்தோனேஷியாவின் லீம் ஸ்வீ கிங். பிரகாஷ் பலத்துக்குப் பலம் காட்டவில்லை. மணிக்கட்டால் ஏமாற்றி, மெல்லத் தட்டி, 15-3, 15-10 என்று ஜெயித்தார். தன் கை எது என்று தெரிந்த ஆட்டக்காரர்!

உங்கள் கை எது? பின்னாலிருந்து ஓங்கி அடிப்பவரா? தலை கனத்த மட்டை. இரட்டையரில் வலை அருகே சட்சட்டென்று தடுப்பவரா? தலை லேசானது. புதுசா? தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும். பந்து தானாகத் தூரம் போகும். விறைப்பான தண்டு வேகமான கைக்குத்தான் வேலை செய்யும். மற்றவர்களுக்குத் தோள்வலிதான் மிச்சம்.

கடையில் மட்டையை ஒரு விரலில் கிடத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு நாலு வீச்சு வீசுங்கள்.

ஆட்டுக்குக் காட்டும் அக்கறையை மட்டைக்கும் காட்டினால், தோள் பிழைக்கும்!