ஊழியரா, ஒப்பந்தக்காரரா? பிரிட்டனில் ஒரு வரிக் கேள்வியின் வரலாறு

பிரிட்டனில் ஊழியர் யார் என்பதற்கு வழக்கறிஞர்கள் நெடுங்காலம் எடுத்துக்காட்டிய விளக்கம், ஒரு வீட்டு வரித் தகராறில் பிறந்தது. வணிகத்துக்கு மட்டும் பயன்படும் கட்டடத்தில் காவலுக்காக வேலையாள் தங்கியிருந்தால், குடியிருப்பு வரி இல்லை. ஆண்டுக்கு 150 பவுண்டு சம்பளம் வாங்கிய எழுத்தர் ஒருவர் அப்படியொரு கட்டடத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவரும் வேலையாள்தானா? இல்லை என்றது 1880ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேலையை இன்ன விதமாகச் செய் என்று முதலாளி யாருக்கு உத்தரவிட முடியுமோ அவரே வேலையாள் என்றார் நீதிபதி பிராம்வெல். இவ்வளவு சிறிய வழக்குக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்த்தது விந்தைதான்.

சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை 1944இல் வந்தபின் கேள்வி கூர்மையடைந்தது. ஊழியருக்கு வரி உடனுக்குடன் போய்விடும். சுயதொழில் செய்பவர் பின்னர் கட்டலாம், செலவுகளையும் தாராளமாகக் கழிக்கலாம். அவருக்காக நிறுவனம் தேசியக் காப்பீட்டுப் பங்கு செலுத்த வேண்டியதில்லை. ஆக, ஒப்பந்தம் என்ற பெயர் இரு தரப்புக்கும் லாபம்.

தயார்நிலைக் கான்கிரீட் நிறுவனம் ஒன்றின் லாரி ஓட்டுநர் வழக்கு 1967இல் காப்பீட்டுப் பங்கு தொடர்பாக எழுந்தது. நிறுவனத்தின் வண்ணம் பூசிய லாரி, நிறுவனத்தின் சீருடை. ஆனால் லாரி தவணையில் அவர் வாங்கியது. பராமரிப்புச் செலவும் அவருடையது. மாற்று ஓட்டுநரையும் அமர்த்தலாம். அவர் ஒப்பந்தக்காரரே என்று நீதிபதி மக்கென்னா தீர்ப்பளித்தார். உத்தரவிடும் அதிகாரம் மட்டும் போதாது, ஒப்பந்தத்தின் மற்ற விதிகளும் பொருந்த வேண்டும் என்பது அதன் சாரம். தொலைக்காட்சியில் காட்சிகளைத் தொகுக்கும் கலைஞர் ஒருவருக்குச் சொந்தக் கருவி எதுவுமில்லை. ஆனாலும் பல நிறுவனங்களுக்கு ஓரிரு நாள் வேலைகளாகச் செய்து வந்ததால், 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைச் சுயதொழிலராகவே ஏற்றது.

இதற்கிடையே பலர் தம் பெயரில் சிறு கம்பெனி தொடங்கி, சம்பளத்தைக் குறைத்து, மிச்சத்தை ஈவுத்தொகையாக எடுத்தனர். இதைத் தடுக்கும் விதி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை அறிவித்த 1999ஆம் ஆண்டுச் செய்திக்குறிப்பின் எண்ணான ‘ஐஆர்35’ அதன் பெயராகவே நிலைத்தது. இடையிலுள்ள கம்பெனியை நீக்கிப் பார்த்தால் அவர் ஊழியர்தானா என்று அதே கம்பெனி தீர்மானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தனக்குத் தானே நீதிபதியாவது எதிர்பார்த்தபடியே பலிக்கவில்லை. ஆகவே தீர்மானிக்கும் பொறுப்பு 2017இல் அரசுத் துறைகளுக்கும், 2021இல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் மாறியது. இம்மாற்றங்களை நீக்குவதாக 2022 செப்டம்பரில் அரசு அறிவித்து, அடுத்த மாதமே பின்வாங்கியது. சிறு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களின் நிலையை மட்டும் அவர்களது கம்பெனியே இன்றும் தீர்மானிக்கிறது.