மஞ்சளும் மருத்துவ மரபும்



எவ்வழிபாட்டின் தொடக்கத்திலும் மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையாராக எழுந்தருளுவிக்கின்றோம். அம்பிகையின் குங்குமமும் மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கூட்டிச் செய்வதே. வழிபாட்டிற்குரிய இப்பொருள் ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பொது மருந்தாய் விளங்கிய வரலாற்றை இன்று சிந்திப்போம்.

மஞ்சள் பூக்கும், ஆயின் முளைக்கத்தக்க விதை தருவதில்லை. கிழங்கை ஒருவர் நட்டாலன்றி மறு செடி இல்லை. ஆகவே, மஞ்சள் விளையும் நாடெல்லாம் மனிதர் கைமாற்றிக் கொடுத்த கிழங்கினாலேயே விளைகின்றது. கிழங்கு சென்றவிடமெல்லாம் அதன் பயனறிந்த மருத்துவமும் தழைத்தது.

ஆயுர்வேதம் இதனை அரித்திரை என்றும், இரவைக் குறிக்கும் நிசை என்னும் சொல்லாலும் வழங்கும். புண், தோல்நோய் ஆகியவற்றுக்கும், நெல்லிக்கனியோடு கூட்டி நீரிழிவுக்கும் அளிக்கும். நம் தமிழ்நாட்டில் மூக்கடைப்புக்கு மஞ்சளைச் சுட்டுப் புகையை நுகர்வதும், அம்மை கண்டவர்க்கு வேப்பிலையோடு அரைத்துப் பூசுவதும் பாட்டிமார் அறிந்தவை. சீனத்தில் தாங் மரபினர் ஆட்சியில், 659 இல் அரசாணையால் தொகுக்கப்பெற்ற மருந்து நூலில் மஞ்சள் இடம்பெற்றது. குருதி தேங்குவதால் வரும் வலிக்கும் தோள் வலிக்கும் சீன மருத்துவர் அதனை அளிப்பர். சாவகத் தீவில் மஞ்சளும் புளியும் சேர்ந்த பானத்தை மாதவிடாய்க் காலத்தில் மகளிர் பருகுவர். சாமு எனப்படும் அம்மருத்துவ மரபினை 2023 இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இத்தகைய பொதுச்செல்வத்திற்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 இல் அமெரிக்க நாட்டில் தனிக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் இல்லந்தோறும் உள்ள வழக்கம் அங்கே புதுமையென எழுதப்பெற்றது! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996 இல் அதனை எதிர்த்தது. 'எங்கள் வழக்கம்' என்று சொன்னால் மட்டும் போதவில்லை. எழுத்துச் சான்று வேண்டியிருந்தது. வடமொழி, உருது, இந்தி நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகள் திரட்டப்பெற்றன. 1997 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பின்னர் 2001 இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு நம் சித்த மருத்துவ நூல்களும் பதிவாயின.

அன்பர்களே! தில்லையில் கூத்தப்பெருமான் ஆடும் அம்பலத்திற்குப் 'பொது' என்றே பெயர் வழங்குகின்றது. எல்லார்க்கும் உரியதைப் பொதுவாகவே காப்பது சைவர்தம் கடன். அன்று வழக்கை வென்றது யாரோ ஒருவர் எழுதி வைத்த ஏடு. நம் இல்லத்துப் பரணில் செல்லரிக்கும் சுவடி இருப்பின் அதனைச் சுவடி நூலகத்தில் சேர்ப்போம். முதியோர் அறிந்த கைமருந்தை முறையாக எழுதி வைப்போம். நடுவார் இன்றேல் மஞ்சள் இல்லை. கற்றுக் கொடுப்பார் இன்றேல் மரபும் இல்லை. பெற்றதை அடுத்தவர் கையில் சேர்ப்பதும் சிவத்தொண்டே ஆகும்.